புதுக் கணிப்பொறியும் பாடவேறுபாடும்

தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணிப்பொறிக்கும் இடம்பெயர்ந்துள்ளன. முதற் பெயர்ச்சியில் நேர்ந்த பிழைகளைப் பற்றித் தமிழறிஞர் நிரம்ப எழுதியுள்ளனர். இரண்டாம் பெயர்ச்சியில் நேர்வனவற்றைப் பற்றி எழுதியோர் சிலரே. அவற்றுள்ளும் தட்டெழுதுவோர் கைப்பிழையையே நாம் கருதுகின்றோம். தட்டெழுதுவோர் செம்மையாகத் தட்டியும் பொறி தானே எழுத்தை மாற்றிவைக்கக் கூடும் என்று சொன்னால் நம்புவோர் அரியர். ஆயினும் அஃது உண்மை. அவ்வாறு மாற்றிவைக்கும் பொறி தன் குறையைத் தானே அறிவிக்கும் வேளை ஒன்று உண்டு. இயக்க முறைமையை முதன்முதல் நிறுவும் வேளையே அது. புதிதாகப் பூட்டிய கணிப்பொறி அவ்வேளையில் பாதியில் நின்றுபோனால் காரணத்தை எங்ஙனம் நாடுவது, காரணம் காணாமல் அப்பொறியிடம் ஒரு நூலை ஏன் ஒப்படைக்கலாகாது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பொறியியல் துறையினர் எழுதவேண்டியதைத் தமிழ்த்துறையினர் எழுதுவதேன் என்று சிலர் வினவலாம். இப்போது பதிப்புப் பணி கணிப்பொறியில்தான் நடைபெறுகின்றது. எழுத்தாணியின் கூர்மையை ஏடெழுதினோர் அறிந்திருந்தது போல நம் கருவியின் இயல்பை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

புதுப் பொறிகளின் வரவு

'விண்டோஸ் 10' இயக்க முறைமைக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. 2021இல் வெளிவந்த 'விண்டோஸ் 11' பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. எனவே பத்தாண்டு உழைத்த பொறிகளை ஒதுக்கிவிட்டுப் புதியன தேடவேண்டிய நிலை அலுவலகங்களுக்கும் டி.டி.பி. நிலையங்களுக்கும் கல்லூரித் துறைகளுக்கும் ஒருங்கே நேர்ந்துள்ளது. சென்னை கணித்தமிழ் வட்டாரங்களுக்கு அறிமுகமான சி-டாக் நிறுவனம் 2007இல் முதன்முதல் வெளியிட்ட 'பாஸ்' போன்ற லினக்ஸ் வகைகளைப் பழைய பொறியிலேயே இட்டுக் காலம் தள்ளுவோரும் உளர்; அவ்வழியும் நன்றே. புதிது வேண்டுவோர் வேப்பூர், விருத்தாசலம் போன்ற ஊர்களில் பெரும்பாலும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிக்கொள்கின்றனர். செலவு குறையும், பழுதுற்ற உறுப்பை மட்டும் மாற்றலாம். ஆனால் பெருநிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே செய்து முடிக்கும் சோதனைகளைப் பூட்டுவோரே செய்யவேண்டும். பெருநிறுவனப் பொறிகளைவிடப் பூட்டிய பொறிகளே மிகுதியாகப் பழுதுறுகின்றன என்று மைக்ரோசாப்ட் ஆய்வகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒருமுறை வன்பொருட் குறையால் நின்ற பொறி மீண்டும் அவ்வாறே நிற்கும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகுகின்றது என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவு. 'ஒருமுறைதானே நின்றது' என்று ஆறுதல் கொள்வதற்கு இடமில்லை என்பது இதனால் விளங்கும்.

நிறுவுதல் ஒரு தேர்வு

இயக்க முறைமையின் கோப்புகள் இறுகச் சுருக்கிக் கட்டப்பெற்ற மூட்டையாகவே நமக்குக் கிடைக்கின்றன. நிறுவும்போது பொறி அம்மூட்டையைப் பென்டிரைவிலிருந்து எடுத்து, நினைவகத்தில் விரித்து, வட்டில் எழுதுகின்றது. சுருக்கம் என்பது நூற்பா போன்றது. உரைநடையில் ஒரு சொல் பிழைபட்டால் அச்சொல்லோடு குற்றம் ஒழியும். நூற்பாவில் ஒரு சொல் பிழைபட்டாலோ அதன்வழி விரியும் உரை முழுதும் பிறழும். சுருக்கிய கோப்பில் ஒரே ஓர் இலக்கம் 0 என்பதற்கு 1 என மாறினாலும் அதற்கு அப்பாலுள்ளவை பொருளற்றுப் போகும்.

மேலும், அம்மூட்டையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை இணைக்கப்பெற்றிருக்கும். அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் முதலாக வருதலால், இடையில் ஒரு பாடல் விடுபட்டால் பதிப்பாசிரியர் உடனே அறிவார். சரிபார்ப்புத் தொகையும் அத்தகைய கட்டே. விரித்த பகுதி தொகையோடு ஒவ்வாதபோது பொறி 'கோப்புச் சிதைந்துள்ளது' என்று கூறி நின்றுவிடும். சில வேளைகளில் அதுவும் கூறாமல் நீலத்திரை காட்டும். அன்றித் தானே அணைந்து மீண்டும் துவங்கும்.

அன்றாடத் தட்டெழுத்துப் பணியில் இத்தகைய கட்டு இல்லை. நாம் தட்டிய எழுத்து நினைவகத்தில் கிடக்கும் வரையில் அதனைச் சரிபார்ப்பார் எவருமிலர். ஆகவே நிறுவுதலே புதுப் பொறிக்கு வைக்கப்பெறும் முதல் தேர்வும், ஓரளவுக்குக் கடைசித் தேர்வும் ஆகும். அத்தேர்வில் தோற்ற பொறியை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எழுதவைத்து எப்படியோ தேறிவிட்டது என்று மகிழ்வதில் பயனில்லை. கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை 'திரும்பப் போட்டுப் பாருங்கள்' என்பதே. திரும்பப் போட்டால் சில வேளை நிறைவேறவும் செய்யும். குறையுள்ள நினைவக இடத்தில் இம்முறை வேறு ஏதோ விழுந்தது என்பதல்லது அதற்குப் பொருளில்லை.

எங்கே நின்றது, எவ்வாறு நின்றது

முதலில் நோக்கவேண்டியது நிற்கும் இடமும் முறையுமாம். ஒவ்வொரு முறையும் ஒரே விழுக்காட்டில், ஒரே அறிவிப்போடு நின்றால் பென்டிரைவில் உள்ள படியை ஐயுறலாம். அலைபேசி இணைப்பில் பதிவிறக்கிய கோப்பு குறைபட்டிருக்கலாம். அல்லது பென்டிரைவே போலியாக இருக்கலாம். 64 ஜி.பி. என்று மேலே எழுதி உள்ளே 8 ஜி.பி. மட்டும் கொண்ட பென்டிரைவுகள் சந்தையில் உண்டு. வெளியிட்டோர் தளத்தில் தந்துள்ள 'எஸ்.எச்.ஏ. 256' தொகையோடு நம் கோப்பின் தொகையை ஒப்பிட்டால் இவ்வையம் சில நிமிடங்களில் தீரும். ஒப்பிடுவதைப் பழுதற்ற வேறொரு கணிப்பொறியில் செய்தல் வேண்டும். ஐயத்திற்குரிய பொறியையே சான்று கேட்டல் முறையன்று.

நிற்கும் இடம் மாறிமாறி வந்து, நீலத்திரையின் குறிப்புகளும் மாறினால், அஃதாவது ஒருமுறை 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்றும் மறுமுறை வேறொன்றாகவும் வந்தால், நினைவகத்தையே முதலில் ஐயுறல் வேண்டும். ஒரு செய்தியும் காட்டாது பொறி சட்டென அணைந்தால் மின்வழங்கி அல்லது வெப்பம். துவக்கிய சில நிமிடங்களுக்குள் அணைந்து, சற்று ஆறவிட்டதும் முன்னினும் நெடுநேரம் ஓடினால் வெப்பமே.

இவையெல்லாம் ஐயங்களேயன்றி முடிபுகள் அல்ல. நினைவகக் குறை வட்டுக் குறை போலத் தோற்றலாம். மின்வழங்கிக் குறை நினைவகக் குறை போலத் தோற்றலாம். ஆதலின் அடுத்த விதி இன்றியமையாதது.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம்

ஐயுற்ற உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கே மாற்றினால் பொறி சரியாகலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாது போம். சூளையில் சுட்ட கலம் விரிசல் கண்டால் மண் கலவையையும் உலர்த்தும் நாளையும் சூட்டின் ஏற்றத்தையும் ஒருசேர மாற்றுகின்ற பீங்கான் தொழிலாளர் இலர். விருத்தாசலத்துச் சூளைகளை அறிந்த நம் மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. ஒன்றை மாற்றுக, மீண்டும் நிறுவிப் பார்க்க, விளைந்ததை ஏட்டில் எழுதிவைக்க. இதுவே முறை.

மாற்றத் தொடங்குமுன் பொறியை மிகக் குறைந்த உறுப்புகளோடு நிறுத்துதல் நன்று. தாய்ப்பலகை, செயலி, குளிர்விப்பான், ஒரே ஒரு நினைவகப் பலகை, ஒரே ஒரு வட்டு, திரை, விசைப்பலகை என்பன போதும். செயலியிலேயே திரைக்கான பகுதி அமைந்திருந்தால் தனி வரைகலைப் பலகையைக் கழற்றிவிடலாம். நினைவகப் பலகையை எந்தக் காடியில் செருகுவது என்பதைத் தாய்ப்பலகையின் கையேடு கூறும்; நான்கு காடிகள் உள்ளவற்றில் செயலியிலிருந்து இரண்டாவதாக அமைந்ததையே பெரும்பாலும் குறிப்பர். பழைய கோப்புகள் உள்ள வட்டு ஏதேனும் இணைந்திருந்தால் அதனை முதலிற் கழற்றுதல் வேண்டும். நிறுவும்போது வட்டைத் தவறாகச் சுட்டி, ஆண்டுக்கணக்காகத் தட்டெழுதிய நூல்களை ஒரு நொடியில் இழந்த கதைகள் பல ஊர்களிலும் உண்டு.

அடுத்துப் 'பயாஸ்' அமைப்புகளை ஆலை நிலைக்கு மீட்டல் வேண்டும். நினைவகப் பலகையின் மேல் அச்சிட்டுள்ள வேகம் அதன் இயல்பான வேகமன்று என்பதைப் பலர் அறியார். டி.டி.ஆர். 4 வகைப் பலகை 3200 அல்லது 3600 எனக் குறிக்கப்பெற்றிருப்பினும், தனித்த ஆணையின்றி அதனினும் குறைந்த வேகத்திலேயே அது துவங்குவதுண்டு. 'எக்ஸ்.எம்.பி.' அல்லது 'எக்ஸ்போ' என்னும் ஆணையை இட்டால்தான் அச்சிட்ட வேகம் கிட்டும். அது செயலிக்கு உறுதியளித்த எல்லையைக் கடந்ததாகவும் இருக்கலாம். பூட்டுவோர் இவ்வாணையை இட்டே பொறியைக் கொடுத்துவிடுகின்றனர். அதனை நீக்கியதும் பொறி ஒழுங்காக நிறுவுமாயின் பிழை பலகையில் அன்று, நாம் கேட்ட விரைவில் உள்ளது. தமிழ் நூல் தட்டெழுத அவ்விரைவு தேவையே இல்லை.

வெப்பத்தைப் பற்றி நம்மூரார்க்குச் சொல்லவேண்டியது மிகுதி. கத்திரி வெயிலில் வேப்பூர்க் கூட்டுரோட்டு ஓரத்துக் கட்டடங்களில் 40 பாகை வெப்பம் எளிதில் எட்டும். செயலி ஏறத்தாழ 95 முதல் 100 பாகையை எட்டும்போது தன் வேகத்தைத் தானே குறைக்கும். மேலும் ஏறினால் அணைந்துவிடும். அறையின் வெப்பம் மிகுந்த அளவுக்குச் செயலிக்குள்ள இடைவெளி குறைகின்றது. இருப்பினும் புதுப் பொறி நிறுவும்போதே அணைவதற்கு வெயிலைக் காட்டிலும் வேறொன்றே காரணமாதல் மிகுதி. குளிர்விப்பானின் அடித்தட்டில் ஒட்டி வரும் காப்புத்தாளை உரிக்காமலே பூட்டிவிடுவர். அல்லது குளிர்விப்பானின் நான்கு முளைகளில் ஒன்று பலகையில் முழுதும் இறங்கியிராது. நெடுஞ்சாலைப் புழுதி விசிறியை அடைப்பதும் உண்டு. ஆனால் அது பழம்பொறியின் நோய்.

மின்வழங்கி, கடைவழக்கில் 'எஸ்.எம்.பி.எஸ்.' எனப்படுவது, விலை குறைக்க விரும்புவோர் முதலிற் கைவைக்கும் உறுப்பு. தாய்ப்பலகைக்குச் செல்லும் 24 முனைச் செருகியோடு செயலிக்கெனத் தனியே செல்லும் 4 அல்லது 8 முனைச் செருகியும் முழுதும் அமர்ந்திருத்தல் வேண்டும். சுவரிலுள்ள மூன்றாம் துளைக்கு நில இணைப்பு உண்மையாகவே உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு அறிதல் நலம். பழைய கட்டடங்கள் பலவற்றில் அத்துளை வெறும் துளையாகவே உள்ளது. பெட்டிக்குள் தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளை முளைகளில் ஒன்று வேண்டாத இடத்தில் நின்று பலகையின் அடியைத் தொட்டாலும் பொறி காரணமின்றி அணைவதுபோல் தோன்றும்.

செயலியே குறையுடையதாதல் அரிது என்றே பல்லாண்டு கருதப்பெற்றது. 2024இல் அக்கருத்து ஆட்டம் கண்டது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை உயர்நிலைச் செயலிகள் பலவும் காரணம் புலப்படாது நின்றுபோயின. சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போதும் மென்பொருள் நிறுவும்போதுமே அக்குறை பலர்க்கு முதலில் வெளிப்பட்டது என்பது மேற்கூறியதற்குச் சான்றாம். செயலி அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைத் தானே கேட்டுப் பெற்று நாளடைவில் நலிவுற்றது என அந்நிறுவனம் அறிவித்து, 2024 ஆகஸ்டு முதல் திருத்தங்களைப் 'பயாஸ்' வழியே வெளியிட்டது. உறுதிக்காலத்தையும் ஈராண்டு நீட்டித்தது. அத்திருத்தம் மேற்கொண்டு கெடாமற் காக்குமேயன்றிக் கெட்டதைச் சீராக்காது. அவ்வகைச் செயலியை வாங்குவோர் நிறுவுமுன்னரே 'பயாஸ்' பதிப்பைப் புதுப்பித்தல் கடன்.

நினைவகமும் பீங்கானும்

இவ்வனைத்திலும் நினைவகமே தமிழ்த்துறையினர் கூர்ந்து கற்கவேண்டியது. 'ராம்' எனக் கடைகளில் வழங்கும் நினைவகப் பலகையில் ஒவ்வோர் இலக்கத்திற்கும் நுண்ணிய மின்தேக்கி ஒன்று உண்டு. அதில் மின்னூட்டம் உண்டு, இல்லை என்பதே 1, 0 எனப் பொருள்படும். அவ்வூட்டம் கசியும் இயல்பினது; ஆதலின் நொடிக்குப் பலமுறை அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு தேக்கி பிறவற்றினும் விரைவாகக் கசியுமாயின் அங்குள்ள 1 என்பது 0 ஆகிவிடும்.

இத்திரிபு பற்றிய ஆராய்ச்சியில் பீங்கானுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நம் பகுதியினர்க்கு வியப்பளிக்கும். 1970களின் இறுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகளில் காரணமின்றி இலக்கங்கள் மாறின. டிமொதி மே, முர்ரே உட்ஸ் என்னும் அறிவியலார் இருவர் 1978இல் காரணத்தை வெளிப்படுத்தினர். சில்லைப் பொதிந்திருந்த உறைப்பொருளில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிற்றளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்பாத் துகள்கள் தேக்கிகளின் மின்னூட்டத்தைக் குலைத்தன. ஆல்பாத் துகளைத் தடுக்க ஒரு தாள் போதும். ஆனால் சில்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் உறையே அதனை உமிழ்ந்தால் தடுப்பது எது? அதன்பின் உறைப்பொருள்களைத் தூய்மை செய்யும் முறைகள் வகுக்கப்பெற்றன. மண்ணிலிருந்து வரும் எப்பொருளிலும் இவ்விரு தனிமங்களின் சுவடு இருத்தல் இயற்கை என்பதைப் பீங்கான் பயில்வோர் நன்கறிவர்.

விண்ணிலிருந்து வரும் கதிர்களும் இவ்வாறு செய்யும். 2003இல் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் பிரசெல்சின் பகுதியாகிய ஸ்கார்பேக்கில் வேட்பாளர் ஒருவர்க்கு 4096 வாக்குகள் மிகையாகப் பதிவாயின. கிடைத்திருக்கவே இயலாத எண்ணிக்கையாதலால் பிழை புலப்பட்டது. 4096 என்பது 2ஐப் பன்னிருமுறை பெருக்கிய தொகை. ஓர் இலக்கம் 0இலிருந்து 1 ஆனதே நிகழ்ந்தது. விண்கதிரே காரணமாகலாம் எனக் கருதினர்.

இவை ஒருமுறை வந்து மறையும் பிழைகள். புதுப் பொறியில் நாம் காண்பது பெரும்பாலும் இவையல்ல. ஒரே தேக்கி மீண்டும் மீண்டும் தவறும் நிலைத்த பிழை. கூகுள் நிறுவனத்தின் பொறிகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த கட்டுரை, ஆண்டொன்றில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகள் பிழை காட்டின என்றும், நிலைத்த பிழைகளே மிகுதி என்றும் கூறியது. அந்நிறுவனத்தின் பொறிகளில் பிழையைத் தாமே திருத்தும் நினைவகம் உண்டு. ரிச்சர்டு ஹாமிங் 1950இல் வெளியிட்ட கணக்குமுறை அத்தகைய திருத்தத்திற்கு அடிப்படை. 1981இல் வந்த முதல் ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியிலுங்கூட எட்டு இலக்கத்திற்கு ஒரு காவல் இலக்கம் இருந்தது. விலையைக் குறைக்கும் பொருட்டு அது பின்னர்க் கைவிடப்பெற்றது. நம் மேசைமேல் உள்ள பொறிகள் காவலின்றியே இயங்குகின்றன.

சோதிப்பது எளிது. 'மெம்டெஸ்ட் 86 பிளஸ்' என்னும் இலவச மென்பொருளைப் பென்டிரைவில் இட்டு அதிலிருந்தே பொறியைத் துவக்கினால், நினைவகம் முழுதும் 0, 1 கோலங்களை எழுதி, மீண்டும் படித்து, எழுதியதே இருக்கின்றதா என ஒப்புநோக்கும். ஓர் இரவு முழுதும் ஓடவிடுக. ஒரே ஒரு பிழை வந்தாலும் பலகை தகுதியற்றது. 'ஒன்றுதானே' என்பார்க்கு அடுத்த பகுதி விடை கூறும்.

ரகர றகரம்

ஒருங்குறியில் தமிழெழுத்துகளுக்கு 2944 முதல் 3071 வரை எண்ணிடங்கள் ஒதுக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் ரகரத்தின் எண் 2992. றகரத்தின் எண் 2993. லகரம் 2994, ளகரம் 2995. நகரம் 2984, னகரம் 2985. மகரம் 2990, யகரம் 2991. எகரம் 2958, ஏகாரம் 2959. ஒகரம் 2962, ஓகாரம் 2963. ஒற்றைக்கொம்பு 3014, இரட்டைக்கொம்பு 3015. ஒவ்வோர் இணையிலும் முன்னது இரட்டை எண், பின்னது அதனை அடுத்த ஒற்றை எண். இரும எண் முறையில் இரட்டை எண் 0இல் முடியும்; ஒற்றை எண் 1இல் முடியும்; ஏனைய இலக்கங்கள் இவ்விணைகளில் மாறுவதில்லை. அஃதாவது ர, ற இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு ஒரே ஓர் இலக்கம். ஒரு தேக்கி கசிந்தால் அறம் அரமாகும், கறை கரையாகும், ஒளி ஒலியாகும், பறவை பரவையாகும்.

நம் நெடுங்கணக்கில் ரகரமும் றகரமும், நகரமும் னகரமும் வெகுதொலைவில் நிற்பன. ஒருங்குறியார் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த 'இஸ்கி' அட்டவணையைப் பின்பற்றியதால், வடவெழுத்தின் பக்கத்தில் தமிழின் சிறப்பெழுத்து ஒட்டுக்குடியாக அமர்த்தப்பெற்றது. அதன் விளைவு இது. ஏடெழுதுவோர் எங்கெங்குத் தடுமாறினரோ அதே இடங்களில் கணிப்பொறியும் தடுமாறும்படி அமைந்தது ஒரு வியத்தகு ஒற்றுமை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைச் சுவடியில் புள்ளியின்றி உணர்தல் அரிதாக இருந்தது. வீரமாமுனிவர் அதற்கு வரிவடிவத்தில் தீர்வு கண்டார். இப்போது அவ்வேறுபாடு ஒரு மின்தேக்கியின் பொறுப்பில் உள்ளது.

வேறு இலக்கங்கள் மாறினால் பெரும்பாலும் படிக்கவியலாத குறியோ பொருந்தா எழுத்தோ தோன்றி, மெய்ப்புத் திருத்துவோர் கண்ணில் பட்டுவிடும். கடைசி இலக்கம் மாறினால்தான் இடர். வருவதும் தமிழ்ச்சொல்லாகவே இருக்கும். கோப்பைச் சேமித்தபின் பொறி அதற்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை இடும். ஆனால் பிழைபட்ட எழுத்தையே சரியெனக் கொண்டு இடும். முத்திரை பெற்ற பிழையை எம்மென்பொருளும் பின்னர்க் காட்டித்தராது.

ஒரு மாணவியின் நாற்பது பக்கங்கள்

நம் துறையின் முதுகலை மாணவி ஒருவர் சீறாப்புராணத்தின் நபியவதாரப் படலத்தைப் பழைய அச்சுப் படி ஒன்றிலிருந்து தம் வீட்டுக் கணிப்பொறியில் தட்டெழுதி, சொல்லடைவோடு ஆய்வேடாகத் தந்தார். 5027 பாடல்கள் கொண்ட அப்பெருநூலில் அவர் எடுத்துக்கொண்டது சிறு பகுதியே, பக்கங்கள் நாற்பது. அவற்றுள் ரகர றகர மயக்கங்கள் காணப்பெற்றன. முகப்புக்கு அடுத்த பக்கத்திலேயே 'சீரா' என்றும், ஓரிடத்தில் 'உமருப் புலவர்' என்றும் இருந்தன. கவனக்குறைவு எனக் கருதி மதிப்பெண் குறைப்பதே இயல்பாக நிகழ்ந்திருக்கும். தாம் சரியாகவே தட்டியதாக அம்மாணவி கண்கலங்கக் கூறினார். கூறியதோடு நில்லாமல் தாம் தட்டிய அன்று அலைபேசியில் எடுத்துவைத்த திரைப்படம் ஒன்றையும் காட்டினார். அதில் 'சீறா' என்றே இருந்தது.

நாம் பிழைகளைத் திரட்டி நோக்கினோம். மொத்தம் ஏழு. மாந்தர் மயங்கினால் இருதிசையிலும் மயங்குவர். றகரத்தை ரகரமாக்குவது போலவே ரகரத்தை றகரமுமாக்குவர். இங்கோ றகரம் ரகரமானது உண்டு. ரகரம் றகரமானது ஒன்றும் இல்லை. ளகரம் லகரமானது உண்டு; மறுதலை இல்லை. ஒரு சொல்லின் ஈற்றில் 'ன்' இருக்கவேண்டிய இடத்தில் 'ந்' நின்றது. தமிழ் பேசும் எவரும் அவ்வாறு தட்டார். ஏழும் ஒற்றை எண் இரட்டை எண்ணானவை. 1 இருக்கவேண்டிய இடத்தில் 0 வந்தவை.

அப்பொறி எவ்வாறு பூட்டப்பெற்றது என வினவினோம். விண்டோஸ் நிறுவும்போது இருமுறை வேறுவேறு இடங்களில் நின்றதாகவும், மூன்றாம் முறை நிறைவேறியதாகவும், 'இனி ஒன்றும் ஆகாது' எனப் பூட்டியவர் கூறிச் சென்றதாகவும் விடை வந்தது. ஓர் இரவு சோதித்ததில் இரு நினைவகப் பலகைகளுள் ஒன்று ஒரே இடத்தில், ஒரே இலக்கத்தில், மீண்டும் மீண்டும் பிழை காட்டியது. காடியை மாற்றிச் செருகியும் பிழை அப்பலகையோடே சென்றது. ஆகவே காடி குற்றமற்றது. சோதனைத் திரையைப் படமெடுத்து உறுதிச்சீட்டோடு கொடுத்ததும் பலகை மாற்றித் தரப்பெற்றது. புதுப் பலகையோடு மீண்டும் ஓர் இரவு சோதித்து, வட்டைத் துடைத்து, இயக்க முறைமையை முதலிலிருந்து நிறுவச் செய்தோம். குறையுள்ள நினைவகத்தின் வழியே எழுதப்பெற்ற இயக்க முறைமையையும் நம்புதல் கூடாதன்றோ?

எஞ்சியது நாற்பது பக்கம். பிழை ஒரு திசையில் மட்டுமே நிகழ்ந்துள்ளதால் எல்லா எழுத்தையும் ஒப்பிட வேண்டியதில்லை. ர, ல, ந, ம, ழ, எ, ஒ என்பனவும் ஒற்றைக்கொம்பு பெற்றனவும் வருமிடங்களை அச்சுப் படியோடு ஒப்பிட்டால் போதும் என வகுத்துக்கொண்டோம். ஏழனுள் இரண்டு அடியின் இரண்டாம் எழுத்தில் நின்றமையால் எதுகை கெட்டு முன்னரே புலப்பட்டவை. எதுகை காவாத இடங்களுக்கு ஒருவர் படிக்க ஒருவர் பார்க்கும் பழைய முறையையே மேற்கொண்டனர் மாணவியர் இருவர். மூன்று மாலைகளில் பணி முடிந்தது. முன்னர்க் கண்ட ஏழோடு மேலும் இரண்டு அகப்பட்டன. அவற்றுள் ஒன்று 'இறை' என்பது 'இரை' என நின்றது. அவ்வடியை நாம் முன்பு இருமுறை படித்தும் நெருடவில்லை.